பல்லி இல்லாத அறை

வாங்கக்கா, உள்ள வாங்க. அந்தச் சோபாவுல உட்காராதீங்க, உட்கார்ந்தா எந்திரிக்க ஆள் கூப்பிடணும். இந்த நாற்காலிக்கு வாங்க, ஃபேன் காத்து நேரா வரும். சாத்தூர்ல இருந்து பஸ்ஸுலயா வந்தீங்க? பஸ்ஸுலதான் வாறேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா காரை அனுப்பியிருப்பேனே. எங்க வீட்டுக்காரக ஊர்ல இல்ல, ஆனா டிரைவர் சும்மாதான இருக்கான். சரி, முதல்ல காபியைக் குடிங்க. சீனி போதுமா?

தரகர் எல்லாம் சொன்னார்க்கா. “சாத்தூர்க்காரகளுக்குப் பொண்ணைப் பிடிச்சிருக்கு, குடும்பத்தைப் பிடிச்சிருக்கு. ஒரே ஒரு விஷயம்தான் கேக்காக. ஏற்கெனவே ஒரு இடம் கூடி வந்து நின்னு போச்சாமே, அது ஏன்னு கேக்காக”ன்னார். கேக்கணும்க்கா. நானா இருந்தாலும் கேப்பேன். பையனைப் பெத்தவங்க விசாரிக்காம எப்படி? இந்த விருதுநகர்ல ஆளுக்கு ஒண்ணு பேசுறாங்க. அதான் அடுத்தவங்க வாயால கேக்குறதுக்கு முன்னால நானே சொல்லிடுறேன். என் மக அபிநயா மேல ஒரு பொட்டுக் குத்தம் கிடையாது. எங்க மேலயும் கிடையாது. கேட்டுட்டு நீங்களே சொல்லுங்க. சுருக்கமாச் சொல்லிடுறேன், எனக்கு வளவளன்னு பேசத் தெரியாது.

எண்ணெய் ஏஜென்சி வச்சிருக்காகளே தங்கப்பழம் அண்ணாச்சி, அவுகளும் எங்க வீட்டுக்காரகளும் பள்ளிக்கூடத்துல ஒரே பெஞ்சு. இவுக பருப்பு மில் வச்சாக, அவுக எண்ணெய்க்குப் போனாக, ஆனா தினமும் காலையில தெப்பக்குளத்துக்கிட்ட நின்னு ரெண்டு பேரும் டீ குடிச்சாத்தான் பொழுது விடிஞ்சதா அர்த்தம். வீட்டுல நான் போடுற காபியை இவுக குடிப்பாக, ஆனா ருசிச்சுக் குடிச்சதா ஞாபகம் இல்ல. அந்த டீயில என்னதான் இருக்கோ.

அண்ணாச்சிக்கு ஒரே மகன், நவீன். சென்னையில வேலை. எங்க அபிநயாவும் சென்னையிலதான் ஹாஸ்டல்ல இருந்தா. இப்பத்தான் வீட்டுல இருந்தே கம்ப்யூட்டர்ல வேலை பாக்குறா. சின்னப் பிள்ளையில ஒண்ணா விளையாண்ட பிள்ளைக. அந்தத் தம்பி ஊருக்கு வந்தா முதல்ல எங்க வீட்டு வாசல்லதான் பையை இறக்கும், அப்புறம்தான் அவங்க வீட்டுக்கே போகும். அம்புட்டு மரியாதை என் மேல.

ஆம்பளைக ரெண்டு பேரும் டீக்கடையிலயே பேசிக்கிட்டாக, இதுகளுக்கு முடிச்சிரலாமேன்னு. ஆனா முறைன்னு ஒண்ணு இருக்குல்லக்கா. நம்ம பக்கத்துல முதல்ல ஒரு கோயில்ல வச்சு எதேச்சையாப் பாக்குற மாதிரி ரெண்டு வீட்டாரும் பாத்துப் பேசிக்கிடணும். மாப்பிள்ளை வீட்டார் வாயால முதல்ல வரணும். இந்த ஊர்ல எங்க ரெண்டு குடும்பத்தையும் தெரியாத ஆளே கிடையாது. பெத்தவங்க நாலு பேரும் சேர்ந்து பத்ரகாளியம்மன் கோயில்ல நின்னா, பத்திரிகை எங்க அடிக்கக் குடுத்திருக்கீகன்னு அன்னைக்குச் சாயங்காலமே கேப்பாக. அதனால அந்த நவீன் தம்பியே ஒரு யோசனை சொல்லிச்சு. மகாபலிபுரத்துப் பக்கம் கடற்கரையில பெரிய ரிசார்ட் ஒண்ணு இருக்கு, நாலு பேரும் போய் ரெண்டு நாள் இருங்க, மனசு விட்டுப் பேசுங்கன்னுச்சு. ரூமும் அதுவே போட்டுச்சு. ரெண்டு ரூமும் அச்சு அசலா ஒண்ணு போல இருக்கணும், ஜன்னல்கூட ஒண்ணு பெருசு ஒண்ணு சிறுசா இருக்கக் கூடாதுன்னு கேட்டுக் கேட்டு வாங்கிச்சாம். அது எதுக்குன்னு எனக்கு அப்பவும் புரியல, இப்பவும் புரியல.

கார்ல போகும்போதே எங்க வீட்டுக்காரக சொல்லிட்டாக. “சீதா, அங்க வந்து நீயா எதையும் ஆரம்பிக்காத. நாம பொண்ணு வீடு. அவங்க எடுத்தாத்தான் பேச்சு.”

“நான் எதுக்கு ஆரம்பிக்கப் போறேன்?”

“எதுக்குன்னு தெரியாமத்தான நீ ஆரம்பிப்ப.”

எனக்குச் சுருக்குன்னு வந்துச்சுக்கா. கல்யாணங்கிற வார்த்தை என் வாயில இருந்து வராதுன்னு சத்தியம் பண்ணிட்டேன். இன்னைக்கு வரைக்கும் அந்தச் சத்தியத்தை நான் மீறல. அதை மனசுல வச்சுக்கிட்டு மிச்சத்தைக் கேளுங்க.

இடம் நல்ல இடம்தான். குறை சொல்லக் கூடாது. வாசல்ல இறங்கினதும் ஒரு பொண்ணு ஈரத்துண்டைச் சுருட்டித் தட்டுல வச்சுக் குடுத்துச்சு. எங்க வீட்டுக்காரக மூஞ்சி, கழுத்து, கக்கம் எல்லாம் துடைச்சிட்டு, தோள்ல போட்டுக்கிட்டாக. கடல் ஓன்னு கிடக்கு, அதுக்குப் பக்கத்துலயே குளம் வெட்டி வச்சு எல்லாரும் குளத்துல குளிக்கிறாங்க. கடலைச் சும்மா பாக்குறதுக்கு மட்டும் வச்சிருக்காங்க போல.

வனஜா மதினி, அதான் அண்ணாச்சி சம்சாரம், முழுக்கால் பேண்டு போட்டுக்கிட்டு வந்து நின்னாக. நம்ம வயசுல அதெல்லாம் ஒரு தைரியம்தான? மனசாரப் பாராட்டினேன். “மதினி, உங்களுக்கு வயசே தெரியல. பின்னால இருந்து பாத்தா நவீன் தம்பிதான் வந்திருச்சோன்னு நினைச்சேன்”னேன். அண்ணாச்சி சிரிச்சாக. மதினி சிரிக்கல. கூச்ச சுபாவம் அவுகளுக்கு.

ராத்திரிச் சாப்பாட்டுல உட்கார்ந்ததும் பேச்சை எடுக்குறதா அண்ணாச்சி இவுக காதுல போட்டுட்டாக. ஆம்பளைக ரெண்டு பேரும் மணல்ல நடந்துட்டு வாறோம்னு கிளம்பிட்டாக. நான் ரூம்ல தனியா. அப்பத்தான்க்கா எனக்கு அந்த நினைப்பு வந்துச்சு. எங்க பிறந்த வீட்டுல ஒரு பழக்கம். எந்த நல்ல காரியமும் பல்லி சொல்லாம எடுக்க மாட்டோம். எனக்குப் பேசும்போதும் எங்க அய்யா இவுக பேரை, செல்லத்துரைன்னு, சொன்ன உடனே உத்தரத்துல பல்லி சொல்லிச்சாம். அதுக்கு மேல ஜாதகத்தைக்கூட விரிக்கல. என் தங்கச்சிக்குப் பல்லி சொல்லாமச் செஞ்சாக, அவ பட்ட பாடு ஊருக்கே தெரியும். அப்ப என் ஒரே மகளுக்கு நான் கேக்காம விடலாமா?

ரூம்ல தேடுறேன், தேடுறேன், ஒரு பல்லி இல்ல. சுவர் எல்லாம் பால் மாதிரி வெள்ளை. லைட்டுக்குப் பின்னால பாத்தேன், திரைச்சீலையை உதறிப் பாத்தேன், கட்டிலுக்கு அடியில தவழ்ந்துகூடப் பாத்தேன். ஒரு எறும்பு உண்டா! எப்படிக்கா அந்த வீட்டுல மனுசன் குடியிருக்குறது? போனை எடுத்துக் கீழ கேட்டேன்.

“தம்பி, இந்த ரூம்ல பல்லி...”

முடிக்க விடலக்கா. “ஐயோ மேடம், ரொம்ப சாரி மேடம், உடனே ஆள் அனுப்புறோம் மேடம்!”

ரெண்டு பேர் வந்துட்டாங்க, மூஞ்சியில துணியைக் கட்டிக்கிட்டு, கையில மருந்தடிக்கிற டப்பாவோட. “அடிக்காதீங்கப்பா, அடிக்காதீங்க”ன்னு நான் குறுக்க விழுறேன். “உயிரோடயே பிடிச்சிடுறோம் மேடம்”ங்கிறான் ஒருத்தன். எதுக்குப் பல்லின்னு விளக்கிச் சொல்லலாம்னா கல்யாணப் பேச்சை எடுக்கணும். சத்தியம் பண்ணியிருக்கேனே! அதனால வாயை மூடிக்கிட்டு நின்னேன். நான் பேசாம நின்னதைப் பாத்து, பயங்கரக் கோவத்துல இருக்கேன்னு நினைச்சிட்டாங்க. கோட்டுப் போட்ட மேனேஜர் ஓடி வந்தார்.

“மேடம், உங்களை வில்லாவுக்கு மாத்திடுறோம். கடலைப் பாத்த மாதிரி தனி வீடு. எக்ஸ்ட்ரா எதுவும் வேண்டாம். தயவு செஞ்சு எங்களைப் பத்தி எதுவும் எழுதிடாதீங்க.”

“நான் எதுக்குத் தம்பி எழுதப் போறேன்? எட்டாவதோட நிறுத்தினவ, எனக்குக் கையெழுத்துப் போடவே கை வலிக்கும்”னேன். அதுக்கு அவர் கும்பிட்டார். நல்ல மனுசன்.

வில்லான்னா சும்மா இல்லக்கா. முன்னால முற்றம், பின்னால தனிக் குளம், குளிக்கிற ரூம்லயே ஊஞ்சல். நான் அதுல உட்கார்ந்து ஆடிக்கிட்டிருக்கும்போது எங்க வீட்டுக்காரக உள்ள வந்தாக. அவுக மூஞ்சி இருக்கே, சுண்டிப் போச்சு.

“அவங்களுக்கும் இதே மாதிரி குடுத்திருக்கானா?”

“இல்ல. அவங்க அதே ரூம்தான்.”

“சீதா, நாம பொண்ணு வீடு.”

“பொண்ணு வீட்டுக்காரக ஊஞ்சல்ல ஆடக் கூடாதுன்னு சட்டமா?” நான் விட்டுக் குடுக்கல. அவுக தலையில கையை வச்சுக் கட்டில்ல உட்கார்ந்துட்டாக. அப்புறம் எந்திரிச்சு நேரா அண்ணாச்சி ரூமுக்குப் போனாக, நானும் பின்னாலயே போனேன். இவுக சொல்றாக, “தங்கப்பழம், நாம மாறிக்கிடலாம். வில்லாவுக்கு நீங்க போங்க.” அண்ணாச்சி என்ன சொல்றதுன்னு மதினியைப் பாக்குறாக.

மதினி கேட்டாக, “ஏன் ரூம் மாறுனீங்க?”

“பல்லி விஷயமா மதினி”ன்னேன். உண்மையைத்தான சொன்னேன்?

“பல்லியா!” அவுக கட்டில்ல ஏறி நின்னுட்டாக. பல்லின்னா அவுகளுக்கு உயிரே போயிரும்னு எனக்கு எப்படித் தெரியும்? “அப்ப உங்களுக்குப் பல்லி ரூம் ஆகாது, எங்களுக்கு மட்டும் ஆகுமா? நீங்க விட்டுக் குடுக்குற வில்லாவும் எங்களுக்கு வேண்டாம்”ங்கிறாக.

“ஐயோ மதினி, எங்க ரூம்ல பல்லியே இல்ல. அதான் குறையே. இருங்க, உங்க ரூம்லயாவது இருக்கான்னு பாக்குறேன்.” நானே தேட ஆரம்பிச்சேன். அவுகளுக்காகத்தான். குளிக்கிற ரூம் கதவுக்குப் பின்னால கறுப்பா நீளமா ஒண்ணு தொங்குச்சு. நான் பயந்தவ இல்ல, கையிலயே பிடிச்சு வெளிய கொண்டாந்துட்டேன். பாத்தா சவுரி. மதினி வச்சுக் கட்டுற முடி. அண்ணாச்சியும் எங்க வீட்டுக்காரகளும் கடல் பக்கம் திரும்பிக்கிட்டாக. மதினி மனசு கஷ்டப்படக் கூடாதேன்னு நான்தான் ஆறுதல் சொன்னேன். “இதுல என்ன மதினி இருக்கு, எல்லாருக்கும்தான் கொட்டுது. உங்களுக்குக் கொஞ்சம் கூடக் கொட்டியிருக்கு.”

அடுத்து பீரோவைத் திறந்தேன். திறந்தேனா, அங்கதான்க்கா என் நெஞ்சு குளுந்து போச்சு. ஒரு வெள்ளித் தட்டு. வெத்தலை, பாக்கு, மஞ்சள், தேங்காய். வாழையிலையில சுத்தின மல்லிகைப் பூ. நம்ம வீட்டுக்காக! அன்னைக்குச் சாப்பாட்டுல வச்சு எனக்குப் பூ வச்சு விட்டு, பேச்சை முடிக்கத்தான் விருதுநகர்ல இருந்து கட்டிக் கொண்டாந்திருக்காக. நான் பட்டுன்னு பீரோவைச் சாத்திட்டேன். நாகரிகம் தெரியாதவளா நான்? “மதினி, நான் எதையும் பாக்கல”ன்னும் சொல்லிட்டேன்.

இம்புட்டுத்தான் நடந்துச்சு. இதுல நான் கல்யாணங்கிற வார்த்தையை எங்கயாவது எடுத்தேனா?

சாயங்காலம் மதினி மனசு மாறட்டும்னு நான்தான் அவுகளை வில்லாவுக்குக் கூப்பிட்டுச் சுத்திக் காட்டினேன். ஊஞ்சல், குளம், படுத்துக்கிட்டே கடலைப் பாக்குற கட்டில், ஒண்ணு விடல. “இன்னும் ஒரு பகல்தான இருக்கு மதினி, நீங்களும் வந்து இங்கயே குளிங்க, சங்கடப்படாதீங்க. உங்க ரூம்ல குளிக்கிற இடம் நெருக்கடியா இருக்கும்”னேன். கூடப் பிறந்தவகூட இப்படிச் சொல்ல மாட்டா. மதினி அந்த ஊஞ்சலையே முறைச்சுப் பாத்தாக. அதைப் பாத்து அசந்து போயிட்டாக போல.

சாப்பாடு மணல்ல. மேசையில கண்ணாடிக் குடுவைக்குள்ள மெழுகுவத்தி, பூச்சாடி, நாலு நாற்காலி. மதினி பட்டுச்சேலை கட்டி, சவுரி வச்சுப் பின்னி, கையில பெரிய பையோட வந்தாக. பையில இருந்து மல்லிகை வாசம். எனக்குக் கண்ணு கலங்கிருச்சு. எங்க வீட்டுக்காரக என்னைப் பாத்து லேசாச் சிரிச்சாக. எல்லாம் சரியாகிருச்சுன்னு நினைச்சேன்.

மதினி நாற்காலியை இழுத்தாக. பரிமாறுற ஆளு ஒருத்தன் ஓடி வந்து, “சாரி மேடம், இந்த மேசை வில்லாவுல தங்குறவங்களுக்கு மட்டும். மத்தவங்களுக்கு அந்தப் பக்கம் பஃபே”ன்னான்.

எனக்கு வந்துச்சே கோவம்! மாப்பிள்ளையைப் பெத்தவுகளை நிக்க வச்சுப் பேசுறதா? எங்க வீட்டுக்காரக வாயைத் திறக்குறதுக்குள்ள நான் சத்தமாச் சொன்னேன், “தம்பி, இவங்க எங்க கூட வந்தவங்கதான். நாங்க சொல்றோம், உட்கார விடு.”

விட்டுக் குடுத்துப் பேசினேனா, சொல்லுங்க? சேர்த்துத்தான பேசினேன்? அவன் உடனே விட்டுட்டான்.

உட்கார்ந்தோம். சூப் வந்துச்சு. அண்ணாச்சி தொண்டையைச் செருமினாக. எங்க வீட்டுக்காரக கரண்டியைக் கீழ வச்சிட்டாக. அண்ணாச்சி மதினியைப் பாத்தாக. மதினி கடலைப் பாத்தாக. அண்ணாச்சி சொன்னாக, “இந்த வருசம் மழை கொஞ்சம் தள்ளிப் போகும் போலயே செல்லத்துரை.”

அம்புட்டுத்தான்க்கா. அதுக்கப்புறம் மழை, மல்லி வத்தல், பாமாயில், திரும்ப மழை. பை மதினி மடியிலயே இருந்துச்சு. ஐஸ்கிரீம் வந்து, உருகி, எடுத்துக்கிட்டுப் போற வரைக்கும் மல்லிகை வாசம் வந்துக்கிட்டே இருந்துச்சு. பை திறக்கல.

மறுநாள் காலையில மதினிக்குத் தலைவலின்னு சொல்லிட்டு அவுக காரை எடுத்துட்டுப் போயிட்டாக. ஏசி ஒத்துக்கல போல. ஊருக்கு வந்தப்புறம் ஆள் மூலமாச் சேதி வந்துச்சு, ஜாதகம் பொருந்தலையாம். என் மக ஜாதகத்தை அவங்க கண்ணால பாத்ததே கிடையாது! எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. இவுகளுக்கு வரல. இவுக டீக்கடைக்குப் போறதை நிறுத்திட்டாக. காலையில வீட்டுலயே, நான் போடுற காபியையே குடிச்சாக. ஒருவகையில நல்லதுதான்னு நினைச்சேன். குடிச்சிட்டு டம்ளரைப் பாத்துக்கிட்டே உட்கார்ந்திருப்பாக. அபிநயாவும் ஒரு வாரம் சரியாச் சாப்பிடல. கேட்டா டயட்டாம். கண்ணு வீங்கியிருந்துச்சு, கம்ப்யூட்டரைப் பாத்துப் பாத்து.

எதனால நின்னுச்சுன்னு நான் யோசிச்சுப் பாத்துட்டேன்க்கா. பல்லி இல்ல. அம்புட்டுத்தான் காரணம். பல்லி சொல்லாத இடத்துல எப்படி நல்ல காரியம் கூடும்? இதை எங்க வீட்டுக்காரககிட்டச் சொன்னப்ப, டம்ளரைக் கீழ வச்சிட்டு எந்திரிச்சிட்டாக. அப்புறம் மகளைக் கூட்டிக்கிட்டு மொட்டை மாடிக்குப் போயி மணிக்கணக்காப் பேசினாக. மில் விஷயமாம். அன்னையில இருந்து ரெண்டு பேர் மூஞ்சியிலயும் தெளிச்சி. டீக்கடைக்கும் திரும்பப் போக ஆரம்பிச்சிட்டாக. நான்தான் சொன்னேனே, காலம் எல்லாத்தையும் ஆத்தும்னு.

என்னக்கா? பொண்ணைக் கூப்பிடவா? அடடா, அதைச் சொல்லாமலே பேசிக்கிட்டிருக்கேன் பாருங்க. அவ நேத்து சாயங்காலமே சென்னைக்குப் போயிட்டா. பெரிய கம்பெனியில இண்டர்வியூவாம். துணைக்கு அவ அப்பா போயிருக்காக. சாத்தூர்ல இருந்து அக்கா வர்ற அன்னைக்கா போகணும்னு நான் கேட்டேன். “நீ இருக்கியே சீதா, நீ பேசிக்கிட்டு இரு. உன்னைவிட யாரு பேசிருவா?”ன்னாக. கல்யாணமாகி இம்புட்டு வருசத்துல என்னைப் பத்தி அவுக வாயில இருந்து வந்த முதல் நல்ல வார்த்தைக்கா அது.

அவளும் தங்கமான பிள்ளை. இண்டர்வியூவுக்கு எதுக்குடி அரக்குப் பட்டுன்னு கேட்டா, இப்ப எல்லாக் கம்பெனியிலயும் சேலைதான் மரியாதைங்கிறா. கிளம்பும்போது என் கால்ல விழுந்தவ எந்திரிக்கவே இல்ல. “அம்மா, என் மேல கோவிச்சுக்காதம்மா”ன்னு அப்படி ஒரு அழுகை. வேலை கிடைக்காட்டி போகுதுடி, நான் எதுக்குக் கோவிக்கப் போறேன்னு தூக்கி விட்டு, திருநீறு பூசி அனுப்பினேன். ஸ்டேஷன்ல இறக்கி விட்டுட்டு வந்து டிரைவர் சொல்றான், தங்கப்பழம் அண்ணாச்சியும் அதே பெட்டியிலதான் போறாகளாம். வனஜா மதினி வரல, அவுககிட்ட ஏஜென்சி மீட்டிங்னு சொல்லிட்டுப் போறாகளாம். எழும்பூருக்கு நவீன் தம்பி வந்து எல்லாரையும் கூட்டிக்கிட்டுப் போகுமாம். பாருங்க, அவங்க அம்மா பண்ணினதை மனசுல வச்சுக்காத பிள்ளை!

இருங்க, போன் அடிக்குது. அவுகதான்.

ஹலோ... சொல்லுங்க. முடிஞ்சிருச்சா? நல்லபடியா முடிஞ்சிருச்சா? என்னங்க அங்க மேளச் சத்தம்? ஓ, இன்னைக்கு முகூர்த்த நாளுல்ல. அவகிட்டக் குடுங்க... ஏண்டி அழுற? சந்தோசமா? சரி சரி, அழாத, மை கலையும். நானா? நான் இங்க சாத்தூர் அக்காகிட்டப் பேசிக்கிட்டு இருக்கேன். ஆமா, இன்னும் பேசிக்கிட்டுத்தான் இருக்கேன். வச்சிடுறேன்.

முடிஞ்சிருச்சாம்க்கா! நல்லபடியா முடிஞ்சிருச்சாம். நாளைக்கு எல்லாருமா வந்து விவரமாச் சொல்றாகளாம். உங்க காலடி பட்ட நேரம் பாருங்க! என்னக்கா, எந்திரிச்சிட்டீங்க? செருப்பை எதுக்கு இப்பவே மாட்டுறீங்க? காபியைக்கூட முழுசாக் குடிக்கல. உட்காருங்கக்கா, உங்க பையனைப் பத்தி நீங்க இன்னும் ஒரு வார்த்தைகூடச் சொல்லலையே.